ஊற்றில் ஊறுவது கடலா, குப்பை மேடா?

கேள்வி

ஐயா, வணக்கம். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. காவிரித் தண்ணீர் குழாயில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும். மற்ற நாளெல்லாம் பனங்காட்டு ஓரம் மணலில் தோண்டிய ஊற்றுதான் எங்களுக்குக் கதி. ஊற்றுக்கு வடக்கே 400 மீட்டர் தள்ளிப் பழைய குப்பை மேடு இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கே கொட்டினார்கள். நாலு வருஷம் முன்னால் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். போன வருஷத்திலிருந்து இரண்டு ஊற்றில் மட்டும் தண்ணீர் ஒரு மாதிரியாக இருக்கிறது. அள்ளும்போது தெளிவாகத்தான் தெரியும். ராத்திரி குடத்தில் வைத்தால் காலையில் அடியில் துருப்போலப் படிந்திருக்கிறது. டீ போட்டால் கறுக்கிறது. மனு கொடுத்தோம். மேட்டுக்கு வடக்கே ரோட்டோரம் இருக்கும் அடிபம்பில் தண்ணீர் பிடித்துப் போய்ச் சோதித்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று தாள் கொடுத்தார்கள். தாளை இணைத்திருக்கிறேன். கடல் பக்கம் என்பதால் உப்பு ஏறுகிறது, குப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். எங்கள் குழுவில் இருபது குடும்பம் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஒருத்தி கைக்குழந்தைக்காரி. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மகளிர் குழுத் தலைவி ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் கைக்குழந்தை. அந்த இரண்டு ஊற்றுத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைப்பதையும் கஞ்சி வைப்பதையும் இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் குழந்தைக்கென்று தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். அதைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கட்டும். ஊற்றுத் தண்ணீரையே காய்ச்சினால் போதாதா என்று அவர் கேட்பார். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் உலோகமும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். பெரியவர்களும் சோதனை முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் மற்ற ஊற்றுகளைப் பயன்படுத்துங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ அந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தத் தாள். கரைந்த உப்புகள் 1,450, குளோரைடு 520, கடினத்தன்மை 410, நைட்ரேட் 8, இரும்பு 0.4, பிஹெச் 7.2. பிஹெச் தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கரைந்த உப்பு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2,000 வரை போகலாம் என்கிறது. குளோரைடுக்கு அதேபோல் 250, 1,000. ஆகவே தாளில் எழுதியது சரிதான். ஆனால் அது நீங்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய தாளே இல்லை. உங்கள் பக்கம் நிலத்தடி நீர் வடக்கிலிருந்து தெற்கே கடலைப் பார்த்து நகர்கிறது. அடிபம்பு மேட்டுக்கு வடக்கே இருக்கிறது. உங்கள் ஊற்று தெற்கே இருக்கிறது. மேல்மடையில் அள்ளிய தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கடைமடை வயலுக்குச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. பின்னால் ஒப்பிட வேண்டியிருக்கும், பத்திரமாக வையுங்கள்.

ஊற்றைச் சோதிக்காமல் விட்டது ஏன் பெரிய தவறு என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து இதைத்தான் பேசப் போகிறீர்கள். மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1,000 கிராம். கடல் தண்ணீர் ஏறத்தாழ 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தால்தான் கடலுக்கு ஐம்பது அடி தள்ளி உங்களால் தித்திக்கும் தண்ணீர் அள்ள முடிகிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கரையை நெருங்க நெருங்க அந்த ஆழம் குறைந்துகொண்டே வரும். அடியில் கடல் தண்ணீர் ஆப்பு அடித்தாற்போல் உள்ளே நுழைந்து நிற்கும். வடக்கிலிருந்து வரும் நல்ல தண்ணீர் அதைத் துளைத்துக்கொண்டு போக முடியாமல் அதன் முதுகில் ஏறி, கரையோரம் ஒரு குறுகலான பட்டையில் மேலே வரும். உங்கள் முன்னோர் அந்தப் பட்டையைக் கண்டுபிடித்துத்தான் பனங்காட்டு ஓரம் ஊற்றுத் தோண்டினார்கள். உள்நாட்டில் பூமிக்குள் இறங்கிய மழையெல்லாம் கடைசியில் எந்த இடத்தில் எட்டிப் பார்க்குமோ, அந்த இடத்தில் நீங்கள் சிரட்டையால் அள்ளுகிறீர்கள். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். எந்த இயந்திரத்தை வைத்துக் கண்காணிப்புக் குழாய் இறக்கினாலும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

அடுத்து அந்தத் துரு. மணலின் ஒவ்வொரு பொடியிலும் மெல்லிய இரும்புத் துரு ஒட்டியிருக்கும். காற்று கலந்த தண்ணீரில் அது கரையாது. குப்பை மேட்டிலிருந்து கசியும் கரிய நீரில் அழுகல் சத்து நிறைய இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) முழுவதும் காலி செய்துவிடும். உயிர்வளி தீர்ந்ததும் துரு கரைந்து தண்ணீரோடு வரத் தொடங்கும். அதனால்தான் அள்ளும்போது கண்ணாடிபோலத் தெரிகிறது. குடத்தில் இரவு முழுவதும் காற்றுப்பட்டதும் திரும்பத் துருவாகி அடியில் உட்காருகிறது. டீ கறுப்பதற்கும் அதே இரும்புதான் காரணம். அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்து மை காய்ச்சிய காலம் உண்டல்லவா, அதே வேதியியல் உங்கள் டீச்சட்டியில் நடக்கிறது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து தேயிலையிலும் இருக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: மூன்று டம்ளரில் மூன்று ஊற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போடுங்கள். இரும்பு அதிகமுள்ளது மற்றவற்றைவிடக் கறுக்கும்.

ஊற்றின் மேல் எண்ணெய்போல் பளபளப்பாக ஏடு கட்டுகிறதா என்றும் பாருங்கள். குச்சியால் தொட்டால் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து விலகினால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா. உடைந்த இடம் மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். அப்படியானால் உடனே எழுதுங்கள்.

இரும்பை மட்டும் வைத்துக் குப்பை மேட்டின் மேல் கைநீட்ட முடியாது. சதுப்பான பள்ளமோ, மக்கிய வேர்களோ பக்கத்தில் இருந்தாலும் இதே துரு வரும். இரும்பே கொடிய நஞ்சும் இல்லை. அதோடு கூட வருவது என்ன என்பதுதான் எனக்குக் கவலை. தாளில் நைட்ரேட் 8 என்று பார்த்து நிம்மதி அடைந்திருப்பீர்கள். ஊற்றிலும் நைட்ரேட் குறைவாக வரலாம், அதற்காக நிம்மதி அடையக் கூடாது. உயிர்வளி இல்லாத தண்ணீரில் குப்பையின் தழைச்சத்து நைட்ரேட்டாக இருக்காது, அம்மோனியாவாக இருக்கும். மூடிப் பல ஆண்டுகள் ஆன மேட்டிலும் மற்ற அழுகல் குறைந்த பிறகும் அம்மோனியா கசிந்துகொண்டே இருக்கும். குடிநீரில் அதற்கு எல்லை 0.5 மில்லிகிராம். உங்கள் தாளில் அம்மோனியா என்ற வரியே இல்லை.

கடலா, குப்பையா என்று பிரித்துப் பார்க்கும் வழி இருக்கிறது. திறந்த கடலில் எங்கே அள்ளினாலும் உப்புகளின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். குளோரைடு 19,000 சொச்சம் இருந்தால் மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, பொட்டாசியம் 400, போரான் நாலரை. உங்கள் ஊற்றில் குளோரைடு 800 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் கடல் கொடுத்ததென்றால் கூடவே பொட்டாசியம் 16 அல்லது 17, போரான் 0.2 அளவில், மெக்னீசியம் 53 அளவில் வர வேண்டும். மண்ணின் இயல்பான பங்கு இதோடு சிறிது சேரும். பொட்டாசியம் 60, போரான் ஒன்று என்று வந்தால் அந்த அளவுக்குக் கடலால் கொடுக்க முடியாது. பைகார்பனேட்டையும் பாருங்கள். கடல் தண்ணீரிலேயே அது 140 அளவில்தான் இருக்கும். குப்பைக் கசிவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஊற்றில் பைகார்பனேட் அடிபம்பைவிட மிக அதிகம், அம்மோனியா இருக்கிறது, பொட்டாசியமும் போரானும் கணக்கை மீறுகின்றன என்றால் 'கடல் உப்பு' என்ற பதில் நிற்காது.

மூன்றாவது ஒருவரும் உண்டு: செப்டிக் டேங்க். மணல் பூமியில் அடி பூசாத கழிவுத்தொட்டி இருந்தால் அதிலிருந்தும் அம்மோனியா, பொட்டாசியம் எல்லாம் வரும். ஊற்றிலிருந்து முப்பது, நாற்பது மீட்டருக்குள் தொட்டி எதுவும் இருக்கிறதா என்று நடந்து பார்த்துக் குறித்துவையுங்கள். தண்ணீரில் ஈ-கோலி கிருமி நிறைய இருந்தால் பக்கத்துத் தொட்டியைச் சந்தேகிக்க வேண்டும். 400 மீட்டர் மணலில் வடிகட்டி வரும் தண்ணீரில் அந்தக் கிருமி பிழைத்து வருவது அரிது.

மூடி நாலு வருஷம் ஆன பிறகு எப்படி வரும் என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். பூமிக்குள் தண்ணீர் நடக்கும் வேகம் தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. ஒரு நடுத்தர மணலை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஆயிரம் மீட்டருக்கு இரண்டு மீட்டர் சரிகிறது என்றால், அதில் தண்ணீர் நாளொன்றுக்கு 8 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மீட்டர். 400 மீட்டரைக் கடக்கப் பதினான்கு ஆண்டு. உங்கள் மணலின் உண்மையான வேகம் இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனால் இந்த வேகத்தில், நீங்கள் இப்போது அள்ளுவது மேடு திறந்து கிடந்த காலத்தில் அதன் மேல் பெய்த மழை. மூடுவதற்கு முந்தைய நாள் கசிந்தது உங்களிடம் வர இன்னும் பத்து ஆண்டு ஆகும். அம்மோனியா இன்னும் மெதுவாக வரும், மண்ணில் உள்ள களி அதைப் பிடித்துப் பிடித்து விடும். குளோரைடும் போரானும் முன்னால் ஓடி வரும். ஆகவே முதல் சோதனையில் அம்மோனியா இல்லையென்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

இங்கே என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடலோர ஊரில் இதே போன்ற மேட்டை ஆராயப் போனேன். மேட்டுக்கு மேல்பக்கம் இருபது மீட்டரில் ஒரு கிணறு, கீழ்ப்பக்கம் ஒரு கிணறு. இரண்டிலும் தண்ணீர் ஒரே மாதிரி இருந்தது. வித்தியாசம் இல்லை, ஆகவே மேடு காரணமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குப்பை மேட்டுக்குள் மழைநீர் தேங்கி, அடியில் நிலத்தடி நீரும் குவியலாக எழும்பி நிற்கும். அந்தக் குவியலிலிருந்து கசிவு நாலு பக்கமும் கொஞ்ச தூரம் வழியும் என்பது எனக்குப் படிப்பில் தெரியும். களத்தில் அதை நான் நினைக்கவில்லை. இரண்டு கிணறும் கெட்டிருந்தன. அடுத்த இரண்டு ஆண்டு அந்த ஊர் என் கையெழுத்தை நம்பிக் குடித்தது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: அந்த அடிபம்பு மேட்டிலிருந்து எத்தனை மீட்டர்? நூறு மீட்டருக்குள் இருந்தால் அதோடு நிறுத்தாமல், இன்னும் வடக்கே தள்ளி, குப்பையின் வாடையே படாத ஒரு கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எடுப்பதில்தான் பாதிச் சோதனை கெட்டுப்போகிறது. ஊற்றில் தேங்கிய தண்ணீரை முழுவதும் அள்ளி வெளியே ஊற்றுங்கள். புதிதாக ஊறியதை மறுபடி அள்ளி ஊற்றுங்கள். மூன்றாவது முறை ஊறுவதைத்தான் பிடிக்க வேண்டும். அடிபம்பில் பத்து நிமிஷமாவது அடித்துவிட்டுப் பிடியுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் ஊற்றில் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. அதில் உள்ள குளோரின் அம்மோனியாவைத் தின்றுவிடும். பாட்டில்களை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். உலோகத்துக்கும் அம்மோனியாவுக்கும் அவர்கள் அமிலம் விட்ட பாட்டில் தருவார்கள், கிருமிக்குச் சுத்திகரித்த பாட்டில். கழுவிய குளிர்பானப் பாட்டிலில் பிடித்தால் இரும்பு வழியிலேயே துருவாகி அடியில் ஒட்டிக்கொள்ளும், தாளில் குறைவாக வரும். மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதில் ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். ஒரே ஊற்றுத் தண்ணீரை 'அ', 'ஆ' என்று இரண்டு பெயரில் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் அந்த ஆய்வகத்தை நம்பலாம்.

மாவட்டத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. வழக்கமான சோதனையோடு அம்மோனியா, பொட்டாசியம், சோடியம், பைகார்பனேட், போரான், மாங்கனீசு, ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே செய்ய முடியாததைத் தேசிய அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். உலோகங்கள் செலவு பிடிக்கும். இரண்டு கெட்ட ஊற்றுக்கும் மேல்பக்கக் கிணற்றுக்கும் மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும். அம்மோனியாவும் குளோரைடும் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியவை: ஐப்பசி மழைக்கு முன்னால் செப்டம்பரில், மழை ஓய்ந்து ஜனவரியில், கோடையில் மே மாதத்தில். மழைக்குப் பிறகு தண்ணீர் நன்றாகிவிட்டது என்று தோன்றும். புதுமழை மேலே படர்ந்து நிற்பதால் வரும் தோற்றம் அது, மே மாதம் மறுபடி பாருங்கள்.

இந்தச் செலவை உங்கள் குழு சுமக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேடு மூடப்பட்டபோது நடப்பில் இருந்தவை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். குப்பை நிரப்பிடத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவம்தோறும் சோதிக்க வேண்டும், மூடிய பிறகு குறைந்தது 15 ஆண்டு பராமரித்துக் கண்காணிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மேலே போட வேண்டிய மூடியும் வெறும் மண் இல்லை: தண்ணீர் இறங்காத களி 60 சென்டிமீட்டர், அதன் மேல் வடிகால் அடுக்கு 15, அதன் மேல் செடி வளர மண் 45. பழைய குப்பை மேடுகளுக்கு முதலில் குப்பையைத் தோண்டிப் பிரித்துக் குறைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கின்றன. முடியாவிட்டால் மூடி, உங்களுடையது போன்ற மணற்பாங்கான நிலத்தில் மூடியோடு தடுப்புச் சுவர் எழுப்புவதையும், கெட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பதையும் ஒரு வழியாக அந்த விதிகளே எழுதிவைத்திருக்கின்றன. மேட்டின் மேல் போய்ப் பாருங்கள். சீமைக்கருவேலம் வேர்விட்டுப் பிளந்திருக்கிறதா, மழைநீர் குழிகளில் நிற்கிறதா என்று போட்டோ எடுங்கள். போகும்போது யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம், உள்ளிருந்து எரிவாயு வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். மேட்டை மூடிய திட்ட வரைபடம் எங்கே, கண்காணிப்புக் கிணறுகள் எந்த இடத்தில் இருக்கின்றன, மூடியதிலிருந்து இன்றுவரை பருவவாரியாக வந்த சோதனை முடிவுகள் என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். உள்ளாட்சி அமைப்புக்கு ஒன்று, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று. கிராம சபையில், 'ஊற்றைச் சோதிக்க வேண்டும்' என்று ஊற்றின் இடத்தைச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். 'குடிநீரைச் சோதிக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் மறுபடி அடிபம்பில்தான் பிடித்துப் போவார்கள்.

இடையில் யாராவது ஊற்றை இன்னும் ஆழமாகத் தோண்டலாம், போர் போட்டு மோட்டார் வைக்கலாம் என்று சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். மோட்டார் இழுத்தால் கீழே இருக்கும் கடல் தண்ணீர் கூம்பாக மேலே எழும்பும், வடக்கே இருக்கும் கசிவும் வேகமாக உங்கள் பக்கம் வரும். நல்ல ஊற்றுகளும் அதோடு போய்விடும். சிரட்டையால் அள்ளிக் குடம் நிறையக் காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம் உங்கள் இடுப்பை ஒடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த மணலில் உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இத்தனை தலைமுறைக்கு அந்தத் தண்ணீர் உப்பாகாமல் நின்றதற்கு அந்த நிதானமான அள்ளல்தான் காரணம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த ஊற்று, என்ன தேதி, கடைசி மழை எப்போது, குடத்தில் எவ்வளவு துரு என்று வாரம் ஒருமுறை யாராவது ஒருத்தி எழுதட்டும். சோதனைத் தாள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஊற்று, அடிபம்பு, வடக்குக் கிணறு மூன்றும் ஒரே நாளில் பிடித்ததாக இருக்கட்டும். நேர் மின்னேற்றமுள்ள உப்புக்கூறுகளையும் எதிர் மின்னேற்றமுள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி, இரண்டும் ஈடாகிறதா என்று பார்த்துத் தாள் சரியா என்று நான் சொல்கிறேன். அடிபம்புக்கும் மேட்டுக்கும் எத்தனை மீட்டர் என்பதை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.